பெட்டியைப் போட்டுப் பார்க்கும் ஜெரால்டின்

அறுபத்தொரு சென்டிமீட்டர். ஜோகூர் மாநிலத்து லாபிஸில் வசிக்கும் ஜெரால்டினை அறிமுகம் செய்ய இந்த ஓர் அளவு போதும். பத்து கிலோவுக்கு மேல், இருபதுக்குள் எடையுள்ள ஒரு பெட்டி, தூக்குகிறவர் கையிலிருந்து நழுவினால் ஏறத்தாழ அந்த உயரத்திலிருந்துதான் விழும். முழங்காலுக்கு மேலே, இடுப்புக்குக் கீழே. எடை கூடினால் உயரம் குறையும். கனமானதை யாரும் உயரத் தூக்குவதில்லை.

மூவாரில் ஏற்றுமதிக்கு மரச்சாமான் செய்த தொழிற்சாலை ஒன்றில் ஜெரால்டினுக்கு இதுதான் வேலையாக இருந்தது. கட்டிலோரம் வைக்கும் சிறிய அலமாரியைப் பெட்டியோடு இயந்திரத்தின் மேல் நிறுத்துவார், மிதியை அழுத்துவார், பெட்டி தரையில் விழும். முதலில் ஒரு மூலை, பிறகு அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்புகள், கடைசியில் ஆறு பக்கங்கள். எல்லாம் முடிந்ததும் பிரித்து, எங்கே அடிபட்டது, ஏன் பட்டது என்று பார்க்க வேண்டும்.

“சம்பளமும் கொடுத்து சாமானையும் உடைக்கச் சொன்ன ஒரே முதலாளி உன் முதலாளிதான்,” என்று அவருடைய கணவர் கிரகோரி இன்றும் சொல்வார். அவர் அப்போது பாமாயில் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. ஜெரால்டின் வீட்டுக்கு வந்தார். ஆனால் பழக்கம் வீடு வரை வந்துவிட்டது. மேசையில் யாராவது கண்ணாடிக் குவளையை ஓரமாக வைத்தால் அது எந்தப் பக்கமாக விழும், எங்கே விரிசல் விடும் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். ஜோகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் மகள் வினிஃப்ரெட்தான் அதை ஒரு தொழிலாகப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர் தம் பிள்ளையின் தொட்டில் கட்டிலை ஃபேஸ்புக்கில் விற்றுவிட்டு எப்படி அனுப்புவது என்று விழித்தபோது, ஜெரால்டின் கட்டிக் கொடுத்தார். கட்டில் பத்து பகாட் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தது, ஒரு கீறல் இல்லாமல். வினிஃப்ரெட் அதைப் படத்தோடு போட்டாள். அதற்குப் பிறகு போன் ஓயவில்லை.

கடையில் வாங்கும் பொருளுக்குப் பிறக்கும்போதே பெட்டி உண்டு. இருபது வருஷம் ஒருவர் வீட்டுக் கூடத்தில் நின்ற பொருளுக்கு அது கிடையாது. பயணம் போவோம் என்று அது நினைத்ததே இல்லை. மீன் தொட்டி, கல்யாண மேடை நாற்காலி, பெரிய ஒலிபெருக்கி, கண்ணாடி போட்ட சாமி படம் என்று சிகாமட்டிலிருந்து யோங் பெங் வரைக்கும் வீட்டுப் பொருளைத் தாங்களே விற்கிறவர்கள் ஜெரால்டினைத் தேடி வருவது அதனால்தான். கட்டின பெட்டிகளைச் சரக்கு லாரியில் கொண்டுபோய் ஏற்றிவிட, கிரகோரி தன் லாரி வேலையை விட்டுவிட்டு ஒரு பழைய வேன் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஜெரால்டின் பொருளின் எடையைக் கேட்பதில்லை. “இதுல எங்க தொட்டா உங்களுக்குப் பயமா இருக்கு?” என்றுதான் கேட்பார். சொந்தக்காரர் யோசிக்காமல் கையை ஓரிடத்தில் கொண்டுபோவார். அந்த இடம்தான் முதலில் உடையும் இடம். மூலைகளுக்கு முட்டுக் கொடுக்க வெள்ளை நுரைக்கட்டை. ஊரில் பொலிஸ்டரின் என்பார்கள், மீன் கடையில் ஐஸ் போட்டு வைக்கும் பெட்டி செய்யும் அதே பொருள். லாபிஸ் கடைத்தெருவில் குளிர்பெட்டியும் தொலைக்காட்சியும் விற்கிறவர்கள் அதைக் குப்பையாகத் தூக்கிப் போடுகிறார்கள். ஜெரால்டின் வாங்கி வந்து கம்பியைச் சுடவைத்து அளவுக்கு அறுத்துக்கொள்வார்.

எல்லாம் தயாரானதும் பொருளை உள்ளே வைக்க மாட்டார். முதலில் அதே எடைக்கு ஒரு பொய்ப் பொருள் செய்வார்: மணல் மூட்டையோ செங்கல்லோ. சொந்தக்காரர் பயந்து கைகாட்டிய இடம் எதுவோ, அந்த இடத்தில் ஒரு கோழிமுட்டையை ஒட்டுவார். பெட்டியை மூடி அறுபத்தொரு சென்டிமீட்டரிலிருந்து போடுவார். முட்டை தப்பினால் கட்டு சரி. உடைந்தால் கட்டு மறுபடியும்.

“ராத்திரி முட்டைப் பொரியல்னா அன்னைக்கு வேல சரியில்லன்னு அர்த்தம். நான் கேக்கவே மாட்டேன். சாப்பிட்டுட்டு எழுந்துருவேன்,” என்பார் கிரகோரி.

இந்த ஆண்டு தொடக்கத்தில் முட்டை தப்பியும் பொருள் உடைந்தது. யோங் பெங்கிலிருந்து நிபோங் திபால் போன தஞ்சாவூர் முருகன் படத்தின் கண்ணாடி விரிசல் விட்டது. ஜெரால்டின் சாலையைக் குறை சொல்லி விட்டுவிட்டார். அடுத்த மாதம் சிகாமட் கமலநாதனின் ஆர்மோனியம் சுங்கை பட்டாணியில் பஜனைக் குழு நடத்தும் ஒரு குடும்பத்துக்குப் போனது. பக்கவாட்டுப் பலகை பிளந்து போய்ச் சேர்ந்தது. விற்பவர்கள் கூடும் ஃபேஸ்புக் குழுவில் யாரோ ஒருவர் எழுதினார்: ‘ஜெரால்டின் கட்டும் இப்படித்தானா?’ மூன்று சொல்தான். இன்னொன்று உடைந்தால் குழுவில் யாரும் எழுதக்கூட மாட்டார்கள், கூப்பிடவும் மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

இருவரிடமும் வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்: அந்தப் பெட்டியையும் உள்ளே இருந்த கட்டைகளையும் திருப்பி அனுப்ப முடியுமா? முருகன் படத்தின் பெட்டி குப்பைக்குப் போயிருந்தது. ஆர்மோனியப் பெட்டி வந்தது.

அடிப்பக்கத்து நான்கு மூலைக் கட்டைகளிலும் ஒன்றுக்கு ஒன்றாக நான்கு குழிகள். ஒவ்வொன்றும் கோழிமுட்டை அளவு. வெட்டின தடம் இல்லை, நசுங்கின தடம் இல்லை. குழியின் உட்புறம் மெழுகு பூசினதுபோல் வழவழவென்று மின்னியது. விரலை வைத்தால் ஒட்டியது. அட்டைப்பெட்டியில் மட்டும் ஒரு கறைகூட இல்லை.

“எலி,” என்றார் கிரகோரி.

“எந்த எலி நாலு மூலைக்கும் போய் நாலுலயும் ஒரே அளவு தின்னும்?”

“படிச்ச எலி லா.”

“வெளையாடாதீங்க.”

“அப்ப கண்ணு பட்டிருக்கு. ஒடஞ்சது ரெண்டும் கோயிலுக்குப் போற நம்ம ஆளுங்க சாமான். சீனன் மீன் தொட்டி ஒடையல, மலாய்க்காரங்க கல்யாண நாற்காலி ஒடையல. நம்ம சர்ச்சு ஸ்பீக்கர் கூட ஒடையல. யோசிச்சுப் பாரு.”

“ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசைக்குப் போய் நன்மை வாங்குற ஆளு பேசுற பேச்சா இது?” என்றார் ஜெரால்டின். ஆனால் கணவர் சொன்ன கணக்கு மட்டும் மனத்தில் நின்றுவிட்டது.

ஒரு கட்டையை ஜிங்க் தகரக் கூரையில் வெயிலில் காயப்போட்டார். மஞ்சளாகியது, குழி விழவில்லை. இஸ்திரிப் பெட்டியை வைத்தார். சுருங்கிக் கல்லாகியது, நாற்றம் வீடு முழுக்க. மூன்றாவதாக ஒரு சொட்டு பெட்ரோல் விட்டார். கட்டை சீறிக்கொண்டு உள்வாங்கியது; வழவழப்பான குழி, ஓரத்தில் பிசுபிசுப்பு. அதே குழி.

பழி தன் வேன்மேல் விழுகிறது என்று கிரகோரி அன்றைக்கு முறுக்கிக்கொண்டார். வேனைப் பின்பக்கம் வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவி, கதவுகளைத் திறந்து வைத்துவிட்டு, “வந்து மோந்து பாரு,” என்று மட்டும் சொன்னார். பெட்ரோல் வாசனை இல்லை. பெட்ரோல் சிந்தியிருந்தால் அட்டை நனைந்திருக்கும் என்பது ஜெரால்டினுக்கும் புரிந்தது. உள்ளே மட்டும், நான்கு மூலையில் மட்டும், அட்டையைத் தொடாமல் சிந்தும் பெட்ரோல் எது?

கமலநாதனைக் கூப்பிட்டு, பெட்டிக்குள் ஏதாவது வைத்தீர்களா என்று கேட்டார்.

“ஒண்ணுமில்லயே மேடம். ஒரு துணி கூட வைக்கல.”

சுங்கை பட்டாணி வீட்டுக்காரப் பெண்ணைக் கேட்டார்.

“உள்ள ஒண்ணுமே இல்லங்க. ஆர்மோனியம் மட்டும்தான்.”

இரண்டு பேரும் கேள்வி முடியும் முன்பே பதில் சொன்னார்கள். அதைக் கவனித்தார். என்ன செய்வதென்று தெரியவில்லை. புதிதாக எந்த வேலையும் எடுப்பதில்லை என்று முடிவு செய்தார்.

அந்த வாரம்தான் பெக்கோக்கிலிருந்து சபாபதி கூப்பிட்டார். ரயில்வேயில் சிக்னல் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். விற்க வேண்டியது ஒரு தொலைநோக்கி. முக்கியமாக அதன் கண்ணாடி.

“இப்ப நான் எதையும் எடுக்கல அண்ணே. ரெண்டு சாமான் ஒடஞ்சிருச்சு. ஏன்னு தெரியல,” என்றார் ஜெரால்டின்.

“ஏன்னு தெரியாம வண்டிக்கு பச்சை காட்டக் கூடாது, சரிதான். நானும் அப்படித்தான் வேல பார்த்தேன்,” என்றார் சபாபதி. “வந்து பார்த்துட்டு மட்டும் போங்க.”

பார்க்கப் போனார்கள். சபாபதியின் கூடத்தில் பாலத்துக்குத் தூண் வார்க்கும் தடித்த அட்டைக் குழாய் ஒன்று கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தது. அதன் அடியில் இருக்கவேண்டிய கண்ணாடி மேசையில், துணிக்குள். சாப்பாட்டுத் தட்டு அளவு, சப்பாத்திப் பலகையின் தடிப்பு. பார்த்தால் தட்டை; ஆனால் நடுவில் ஓர் அரிசிமணியின் தடிப்புக்குக் குழிந்திருந்தது. அந்தக் குழியைச் சபாபதி கையால் தேய்த்தெடுத்தார். எண்ணெய் டிரம் ஒன்றை நிறுத்தி, அதன் மேல் ஒரு கண்ணாடியை வைத்து, மேலே இன்னொன்றை வைத்து, நடுவே மணல்போன்ற பொடியைப் போட்டு, டிரம்மைச் சுற்றி நடந்து நடந்து தேய்க்க வேண்டும். வேலை முடிந்து வந்து தினமும் கொஞ்சம். இரண்டு வருஷம். வியாழனைச் சுற்றும் நிலவுகளை அதில்தான் பார்த்தார்.

“எங்க தொட்டா பயமா இருக்கு அண்ணே?”

“முன்பக்கம். மூச்சு கூட படக் கூடாது.”

“என்னை ஒரு நாளாவது இப்படிப் பார்த்திருப்பாரா?” என்றார் காளியம்மா, சபாபதியின் மனைவி, தேநீரோடு வந்துகொண்டே. “நட்சத்திரத்தைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு ரெண்டும் போச்சு. இப்ப என்னயும் தெரியல.”

“உன்னைத் தெரியாம இருக்குமா? சத்தம் கேக்குதே.”

இடது கண்ணில் சபாபதிக்குப் பார்வை போய்விட்டது. வலது கண்ணும் தேய்கிறது என்று சிகாமட் டாக்டர் சொல்லிவிட்டார். வாங்குபவர் லோஷினி, சிகாமட்டுப் பெண். அறிவியல் ஆசிரியை, கடல் தாண்டி, சபா மாநிலத்தில் கெனிங்காவ் பக்கம் மாற்றலாகிப் போயிருக்கிறாள். பள்ளிக்குப் பின்னால் மலை, விளக்கு இல்லாத வானம், நட்சத்திரத்தைப் பற்றிக் கேள்வி கேட்டுக் கொல்லும் பிள்ளைகள். விளம்பரத்தைப் பார்த்து அவள்தான் முதலில் கேட்டாள். குழாய் உடைந்தால் அங்கேயே வேறு வாங்கலாம். கண்ணாடி உடைந்தால் இன்னொன்று தேய்க்கச் சபாபதிக்குக் கண் இல்லை.

திரும்பி வரும் வழியில் கிரகோரி கேட்டார்: “எடுக்கப் போறியா?”

“கண்ணாடியை மட்டும்.”

“காரணம் தெரியாமலா?”

“கட்டிப் பார்த்தாத்தான் காரணம் தெரியும்.”

சனிக்கிழமை காலை கட்டைகளோடு போனார்கள். சபாபதியின் கார் நிறுத்தும் கொட்டகையில் சிமெண்டுத் தரை. உள்பெட்டி, அதைச் சுற்றி ரப்பர் மரச் சட்டம் அடித்த வெளிப்பெட்டி, எட்டு மூலைக்கும் முட்டு. பொய்ப் பொருளாக ஒரு வட்டச் சிமெண்டு வில்லை. அதன் முகத்தில் முட்டை. ஜெரால்டின் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் உயரத்தைக் கோடு போட்டார். பெட்டியை மூலை கீழே பார்க்கத் தூக்கிப் போட்டார். விளிம்பில் போட்டார். பக்கத்தில் போட்டார். ஒவ்வொரு சத்தத்துக்கும் காளியம்மா நெஞ்சில் கைவைத்தார். முட்டை தப்பியது.

வில்லையை எடுத்துவிட்டு உண்மையான கண்ணாடியை, துணியும் மெல்லிய நுரைத்தாளும் சுற்றி, உள்பெட்டிக்குள் வைத்தார்கள். ஆட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். அசைவில்லை. ஒட்டுநாடாச் சுருளை எடுக்க வேனுக்குப் போனார். பாதி வழியில், சுருள் தன் இடுப்புப் பையிலேயே இருப்பது கைக்குத் தட்டுப்பட்டது. திரும்பினார்.

காளியம்மாவின் கை முழங்கை வரைக்கும் பெட்டிக்குள் இருந்தது.

“அக்கா, என்ன பண்றீங்க?”

“ஒண்ணுமில்ல லா. தூசி தட்டுறேன்.”

“தூசி தட்டுற கை எதுக்கு மூடியிருக்கு?”

காளியம்மா சபாபதியைப் பார்த்தார். சபாபதி கூரையைப் பார்த்தார். கை மெதுவாகத் திறந்தது. பாதி பிளந்து குங்குமம் வைத்த ஒரு எலுமிச்சம்பழம்.

“நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. சொன்னா சங்கடப்படுவீங்க. அதான் நீங்க அந்தப் பக்கம் போனதும்...”

“எத்தன பழம்?”

“ஏற்கனவே மூணு வச்சுட்டேன். இது நாலாவது. காரு எடுத்தா நாலு சக்கரத்துக்கு வைக்கிறோம்ல? பெட்டிக்கு அடியில நாலு மூலை.”

“அலமாக், ஐயோ!” என்றார் ஜெரால்டின். கோபத்தில் சொன்னதாகத்தான் காளியம்மா முதலில் நினைத்தார். ஆனால் ஜெரால்டின் பழத்தை வாங்கி முகர்ந்தார். பிறகு தோலைக் கட்டைவிரலால் மடித்து, ஒரு துண்டு நுரைக்கட்டைக்குப் பக்கத்தில் பிடித்து, பீச்சினார். தோலிலிருந்து தெறித்த எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத தூறலாக விழுந்தது. விழுந்த இடமெல்லாம் ஊசி குத்தினதுபோல் சிறு சிறு பள்ளங்கள்.

“தின்னுது,” என்றார் சபாபதி. உருப்பெருக்கியை எடுத்துவர அவரே எழுந்து போனார்.

ஒரு பழத்தை, தோல் கீழே படும்படி கட்டையின் மேல் வைத்து, அதன் மேல் அரிசி டின்னை ஏற்றினார்கள். ஆர்மோனியத்தின் கனம் அழுத்தியிருக்கும் இல்லையா, அதற்கு. பிறகு காளியம்மா எல்லாரையும் சாப்பிட உட்காரவைத்தார். நெத்திலிச் சம்பலும் கீரையும். யாருக்கும் சாப்பாட்டில் மனம் இல்லை, கிரகோரியைத் தவிர. சாப்பிட்டு முடித்து டின்னைத் தூக்கினபோது பழத்தின் கீழ் ஒரு குழி தொடங்கியிருந்தது. ஓரம் மின்னியது. சபாபதி விரலை வைத்தார்.

“ஒட்டுது.”

“இதுவே நாலு நாள் லாரியில, சூட்டுல இருந்தா?” என்றார் ஜெரால்டின். யாரிடமும் கேட்கவில்லை.

அங்கேயே நின்று கமலநாதனைக் கூப்பிட்டார். இந்த முறை கேள்வியை மாற்றினார்.

“கமலநாதன், ஆர்மோனியத்தோட எத்தன பழம் வச்சீங்க?”

“நாலு மேடம். உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அன்னைக்கு ஏன் சொல்லல?”

“நீங்க சிலுவை போட்டிருந்தீங்க. அதான்...”

அடுத்துக் கூப்பிட்ட சுங்கை பட்டாணிப் பெண் முதலில் தயங்கினாள். பிறகு எல்லாம் கொட்டினாள். பெட்டியைப் பிரித்ததும் மாமியார்தான் முதலில் பார்த்தார்: நசுங்கின பழம், கட்டையில் சிவப்புக் கறை, நாலு மூலையில். யாரோ செய்வினை வைத்து அனுப்பிவிட்டார்கள் என்று அலறி, கட்டையிலிருந்த கறையைக் கழுவி, பழங்களை இடது கையால் பொறுக்கி, முச்சந்தியில் போட்டு, குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார். ஆர்மோனியம் உடைந்ததே அதனால்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள். விற்றவரிடம் எப்படிக் கேட்பது? கட்டிக் கொடுத்த கிறிஸ்தவ அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

“ஆக, அனுப்புன ஆளு நல்லது நடக்கணும்னு வச்சிருக்காரு,” என்றார் கிரகோரி. “வாங்குன ஆளு கெட்டது வந்துருச்சுன்னு தூக்கிப் போட்டிருக்காங்க. நடுவுல என் வண்டிக்குக் கெட்ட பேரு.”

“உங்க வண்டி சுத்தம். ஒத்துக்கிறேன்.”

“இங்க, எல்லாருக்கும் முன்னாலயா?”

“ஆமா. போதுமா?”

காளியம்மா இதற்கெல்லாம் சிரிக்கவில்லை. பெட்டியிலிருந்து மற்ற மூன்று பழங்களையும் எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு நின்றார். “தோலு அதைத் தின்னும், சரி. ஆனா பழம் இல்லாம இது என் வீட்டு வாசலைத் தாண்டாது. ரெண்டு வருஷம் இந்த மனுசன் தேய்ச்ச சத்தத்தக் கேட்டுக்கிட்டே தூங்கினவ நான்.”

பெட்டிக்கு வெளியே சட்டத்தில் துணிப் பையில் கட்டலாமா என்று ஜெரால்டின் யோசித்தார். கிரகோரி பாசிர் கூடாங் துறைமுகத்தில் சரக்கு எடுக்கும் ஏஜெண்டைக் கூப்பிட்டுக் கேட்டார். அனுமதித் தாள் இல்லாமல் பழம் எதுவும் சபாவுக்கு ஏறாது, பெட்டியையே நிறுத்திவிடுவார்கள் என்றார் அவர். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.

அப்போதுதான் சபாபதி சொன்னார்: “மெய்யானதைப் போட்டுப் பாருங்க.”

“என்னண்ணே?”

“கண்ணாடி உள்ள இருக்கும்போதே. முட்டை வேற, கண்ணாடி வேற. ஒடையற மாதிரி இருந்தா என் கண்ணாடி என் வீட்டுல, என் கண்ணு முன்னாடி ஒடையட்டும். பார்க்கறதுக்கு இன்னும் ஒரு கண்ணு இருக்கு. அந்தப் பொண்ணு பிள்ளைங்களைச் சுத்தி உட்கார வச்சுக்கிட்டுப் பிரிக்கும்போது ஒடஞ்சிருக்கக் கூடாது.”

தொழிற்சாலையில் தினமும் மெய்யானதைத்தான் போட்டார். ஆனால் அங்கே ஓர் அலமாரி போனால் இன்னோர் அலமாரி வரும். தனியார் சாமானை எடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து ஒருமுறைகூட உண்மையான பொருளைப் போட்டதில்லை. கிரகோரி தலையாட்டி வேண்டாம் என்றார். ஜெரால்டின் கட்டைகளைப் பார்த்தார். பழம் தொட்ட மூலைகளை மாற்றினார். மறுபடி ஆட்டினார், கேட்டார், மூடினார்.

“விழுந்த பெட்டியை அப்படியே அனுப்பறதில்ல. விழுந்த கட்டை ஒரு தடவ அடி வாங்கின கட்டை. அப்புறம் எல்லா மூலையும் புதுசா போடணும். சரியா?”

“போடுங்க.”

“கொஞ்சம் இருங்க,” என்றார் காளியம்மா. நாலு பழத்தையும் கையில் அள்ளி, பெட்டியை இடமும் வலமுமாகச் சுற்றினார். பிறகு, கேட்காமலே, ஜெரால்டினையும் சுற்றினார். ஜெரால்டின் அசையாமல் நின்றார். கிரகோரி ஏதோ சொல்ல வாயெடுத்து, மனைவியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். ஜெரால்டின் நெற்றியிலிருந்து தோள் வரைக்கும் சிலுவை போட்டுக்கொண்டு பெட்டியைக் கோட்டுக்குத் தூக்கினார். மூலை கீழே.

கையை விட்டார்.

சிமெண்டில் விழுந்த சத்தம் தட்டையாக இருந்தது. பெட்டி ஒருமுறை துள்ளி, பக்கவாட்டில் சாய்ந்து நின்றது. யாரும் நகரவில்லை. ஜெரால்டின்தான் குனிந்து சட்டத்தைக் கழற்றினார், உள்பெட்டியைத் திறந்தார், துணியைப் பிரித்தார். பிரித்ததைச் சபாபதியின் முன்னால் நீட்டினார், தான் பார்க்கவில்லை.

சபாபதி கண்ணாடியை வெளிச்சத்துக்குத் திருப்பினார். வலது கண்ணை அருகே கொண்டுபோய், ஓரத்தைச் சுற்றி முழுக்க ஒரு வட்டம் பார்த்தார். இன்னொரு வட்டம் பார்த்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“கூரை தெரியுது,” என்றார். “முழுசா.”

மூலைகள் எல்லாம் மாறின. பெட்டி மூடப்பட்டது. காளியம்மா சுற்றின நான்கு பழங்களும் போக வேண்டிய இடத்துக்கே போயின: வேனின் நான்கு சக்கரங்களுக்கு அடியில். கிரகோரி வண்டியை எடுத்தார், நான்கும் நசுங்கின. “என் டயரைத் தின்னாதுல்ல?” என்று சன்னல் வழியே கேட்டார்.

“டயரு ரப்பரு. ஆயிரம் பழம் பார்த்தது,” என்றார் காளியம்மா.

அதோடு அவர் விடவில்லை. லோஷினியைப் படம் தெரியும் அழைப்பில் பிடித்தார். “டீச்சர், இங்கேருந்து நான் சுத்திப் போட்டுட்டேன். அங்க பெட்டி வந்து இறங்கினதும், பிரிக்கறதுக்கு முன்னாடி, நாலு மூலைக்கும் நாலு பழம் வச்சு எடு. பெட்டிக்கு வெளிய. உள்ள வைக்காத, தின்னுரும்.”

“எது தின்னும் ஆன்ட்டி?”

“பழம் லா.”

ஜெரால்டின் போனை வாங்கி, பீச்சிக் காட்டினார். “ஆன்ட்டி, இன்னொரு தடவ செய்யுங்க, பசங்களுக்குக் காட்டணும். ரெக்கார்டு பண்ணிக்கிறேன்,” என்றாள் அவள்.

இப்போது ஜெரால்டின் எந்த வீட்டுக்குப் போனாலும் இரண்டு கேள்வி கேட்கிறார். எங்கே தொட்டால் பயமாக இருக்கிறது என்பது முதல் கேள்வி. பழம் எங்கே வைக்கப்போகிறீர்கள் என்பது இரண்டாவது. பலர் முதலில் திகைக்கிறார்கள். பிறகு நிம்மதியாக உள்ளே போய்த் தட்டை எடுத்து வருகிறார்கள். கமலநாதன் அதே ஃபேஸ்புக் குழுவில், தன் பழத்தின் கதையைத் தானே எழுதிப் போட்டார். கீழே விழுந்த சிரிப்புகளை எண்ணி முடியாது. யோங் பெங்கில் முருகன் படத்தை விற்றவரும் ஒரு வரி சேர்த்தார்: ‘நான் அஞ்சு வச்சேன்.’

சபாபதியின் கண்ணாடி செவ்வாய்க்கிழமை பாசிர் கூடாங்கில் கப்பல் ஏறுகிறது. கோத்தா கினபாலுவிலிருந்து கெனிங்காவுக்கு லாரியில் மலை ஏற வேண்டும். குழாயைக் கிரகோரி அடுத்த வாரம் துறைமுகத்துக்கு எடுத்துப்போகிறார்.